வால்வுக்குக் கரண்ட் வரவில்லை

எனக்குக் கோபம் வந்தால் சால்டரிங் கெட்டுப்போகும். கை நடுங்காது, அவசரப்படும். ஈயம் உருகி ஓடிப் பரவுவதற்குள் இரும்பை எடுத்துவிடுவேன். பார்க்கப் பளபளவென்று இருக்கும், உள்ளே பிடித்திருக்காது. அதனால் கோபமாக இருக்கிற நாட்களில் போர்டுகளைத் தொடாமல் பட்டறையைக் கூட்டிப் பெருக்கிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவது என் வழக்கம். அன்றைக்கு அப்படிப் போக முடியவில்லை. சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒரு மனிதர் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போடுவதாக இருந்தது. அதற்குள் நான் ஒரு சர்க்யூட்டைச் செய்து முடிக்க வேண்டியிருந்தது.

முதலிபாளையம் தொழிற்பேட்டைக்குப் பின்புறம் ஒற்றை அறையில் என் பட்டறை. நிட்டிங் மிஷின், டையிங் மிஷின், காம்பாக்டிங் மிஷின் எதுவானாலும் அதன் உள்ளே இருக்கும் எலக்ட்ரானிக் போர்டுகளைச் சரிசெய்து கொடுக்கிறேன். இருபது வருடமாக இதே வேலைதான். இன்னும் புது ஆள் யாராவது போர்டைத் துணிப்பையில் சுற்றிக்கொண்டு வந்தால் வாசலில் நின்று, "ஏனுங்க, போர்டு பாக்கறவரு இல்லீங்களா?" என்றுதான் கேட்கிறார். நான் கையில் சால்டரிங் இரும்பைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பேன். போர்டு பார்ப்பது ஒரு பெண்ணாக இருக்கும் என்று அவருக்குத் தோன்றாது. முன்பெல்லாம் சிரித்துக்கொண்டே பதில் சொல்வேன். இப்போது சிரிப்பதில்லை.

அன்று காலையில் ஒரு சாயப்பட்டறை மேனேஜர் போன் செய்தார். அங்கே இதற்கு முன்பும் நான் போயிருக்கிறேன். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனேன்.

"வாங்க அம்மிணி, காப்பி சாப்பிடறீங்களா?" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். காப்பி வந்தது. பிறகு கதையைச் சொன்னார். முந்தின நாள் ஒரு லாட் துணி, கருநீலம், திட்டுத் திட்டாக வந்துவிட்டது. மொத்தத் துணியும் திரும்பச் சாயம் எடுத்துப் போட வேண்டும். எடுத்துப் போட்டாலும் பழைய துணி ஆகாது.

"ஆப்பரேட்டரு அவசரப்பட்டுப்போட்டாருங்க. கை வால்வத் தொறந்து ஸ்டீம ஒரேடியா உட்டுப்போட்டாரு. இந்தா பாருங்க, கிராப்புல தெரியுது."

டையிங் மிஷினின் கன்ட்ரோலர் வெப்பத்தைக் கோடாக வரைந்து வைத்திருக்கும். நிமிடத்துக்கு ஒன்றிரண்டு டிகிரியாகப் படிப்படியாக ஏற வேண்டிய கோடு, நடுவில் தொய்ந்து விழுந்து, அப்புறம் சுவர் ஏறுவதுபோல நேராக ஏறியிருந்தது. சாயம் சூட்டை அப்படி வாங்காது. ஓரிடத்தில் கூடுதலாகப் பிடிக்கும், ஓரிடத்தில் பிடிக்காது.

"அவரு அடிச்ச அடியில கன்வெர்ட்டர் கார்டும் மக்கர் பண்ணுதுங்க. புதுசு சொல்லியிருக்கறமுங்க, வர மூணு வாரமாகுமாமா. அதுவரைக்கும் ஓடற மாதிரி நீங்களே ஒண்ணு பண்ணிக் குடுத்துருங்க."

மேஜையில் ஒரு தாள் கிடந்தது. டைப் அடித்த தாள். என் கண் அதன்மேல் போனதைப் பார்த்து, மறைக்காமல் என் பக்கமே திருப்பி வைத்தார். 'எனது கவனக்குறைவால் துணிக்குச் சேதம் ஏற்பட்டது என ஒப்புக்கொண்டு, நானே விருப்பப்பட்டு வேலையிலிருந்து விலகிக்கொள்கிறேன்.' கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு.

"அஞ்சு மணிக்குக் கையெழுத்துப் போட்டுப்போட்டுப் போயிருவாருங்க. நல்ல மனுசன்தான், பாவம். என்ன பண்றதுங்க?"

எங்கள் பக்கத்தில் ஆளை வெளியே தள்ளினாலும் 'ங்க' போட்டுத்தான் தள்ளுவோம். அந்த மரியாதையைக் கேட்டு வெளியூர்க்காரர்கள் மயங்கிப்போவார்கள். எனக்கு அன்றைக்கு அந்த 'ங்க' காதில் ஈயம் ஊற்றினதுபோல இருந்தது.

அந்த ஆப்பரேட்டரை எனக்குத் தெரியும். தென்காசிப் பக்கத்துக்காரர், நாற்பது வயது இருக்கும். சாயப்பட்டறைக்குப் பின்னால் முதலாளி ஆட்களுக்குக் கொடுத்திருக்கும் லைன் வீடுகளில் ஒன்றில் மனைவியோடும் மகளோடும் இருக்கிறார். வேலை போனால் வீடும் போகும். மகளுக்கு அடுத்த மாதம் பத்தாம் வகுப்புப் பரீட்சை. அதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. சாயத் தொழிலில் புது ஆளை எடுக்குமுன் பழைய இடத்துக்கு ஒரு போன் போடுவார்கள். 'ஷேடு கெடுத்தவர்' என்று அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சொல் வந்தால் போதும். அதற்கப்புறம் மிஷினில் நிற்கவிட மாட்டார்கள், ஈரத்துணி தள்ளத்தான் விடுவார்கள். கையெழுத்துப் போட்ட காகிதமே இருந்தால் கேட்கவே வேண்டாம்.

மிஷின் பக்கம் போனேன். அவர் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார், மிஷினுக்கும் தனக்கும் சம்பந்தம் இல்லாதவர்போலக் கையைக் கட்டிக்கொண்டு. என்னைப் பார்த்ததும் தலையை மட்டும் ஆட்டினார்.

"கை வால்வத் தொறந்தீங்களா?" என்று நேராகவே கேட்டேன்.

"தொடவே இல்லக்கா. வால்வுக்குக் கரண்டு வரலன்னு நான் மூணு வாட்டி சொன்னேம்லா. ரிஜிஸ்டர்லயே இருக்கு."

மெயின்டனன்ஸ் ரிஜிஸ்டரை வாங்கிப் புரட்டினேன். இருந்தது. மூன்று வெவ்வேறு நாட்களில், எல்லாம் இந்த லாட் கெடுவதற்கு முன்னால், எலக்ட்ரீஷியன் கையெழுத்தில்: 'வால்வுக்குக் கரண்ட் வரவில்லை என்று ஆப்பரேட்டர் சொன்னார். சோதித்தேன். கரண்ட் உள்ளது.' மூன்றாவது முறை, 'கரண்ட் நன்றாக உள்ளது' என்று அழுத்தி எழுதியிருந்தது.

என்ன நடந்தது என்பது அந்த இடத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. விளங்கினதும் வந்த கோபத்தில் ரிஜிஸ்டரைத் தூக்கி எறியாமல் இருந்தது பெரிய விஷயம்.

ஸ்டீம் வால்வு எவ்வளவு திறக்க வேண்டும் என்பதைக் கன்ட்ரோலர் வோல்டேஜாகச் சொல்லும். மூடு என்றால் ஒரு வோல்ட், முழுக்கத் திற என்றால் ஐந்து வோல்ட். ஆனால் கன்ட்ரோலர் ஒரு மூலையில், வால்வு இன்னொரு மூலையில். நடுவில் ஆவியும் தண்ணீரும் மோட்டார்களும். அவ்வளவு தூரம் ஒயரில் போனால் வோல்டேஜ் வழியிலேயே தேய்ந்துபோகும். அதனால் அதைக் கரண்டாக மாற்றி அனுப்புவார்கள். கரண்ட் வழியில் தேயாது, இந்த முனையில் போனது அந்த முனையில் வந்தே ஆக வேண்டும். நாலு மில்லி ஆம்பியர் வந்தால் வால்வு மூடும், இருபது வந்தால் முழுக்கத் திறக்கும். அந்த மாற்றத்தைச் செய்வதுதான் கன்வெர்ட்டர் கார்டு. மிஷினைப் புதிதாக நிறுவிய நாளில் வந்த இன்ஜினியர் இதையெல்லாம் சொன்னபோது பக்கத்தில் நின்று கவனமாகக் கேட்டுக்கொண்டவர் இந்த ஆப்பரேட்டர் ஒருவர்தான். 'வால்வுக்கு நாலிலிருந்து இருபது வரைக்கும் கரண்ட் வரணும்' என்று அவர் மனதில் பதிந்துவிட்டது. திரையில் பாதி திறந்ததாகக் காட்டும்போது வால்வின் முள் மூடியபடியே நிற்பதைப் பார்த்துத்தான் அவர் கரண்ட் வரவில்லை என்றார். ரொம்பச் சரியாகச் சொன்னார்.

ஆனால் நம் ஊரில் கரண்ட் என்றால் ஒன்றே ஒன்றுதான். கரண்ட் போச்சு, கரண்ட் வந்துருச்சு, கரண்ட் பில், கரண்ட் ஆபீஸ். எலக்ட்ரீஷியன் சட்டைப்பையிலிருந்து டெஸ்டரை எடுத்து, இருநூற்று முப்பது வோல்ட் வரும் டெர்மினலில் வைத்திருக்கிறார். டெஸ்டர் எரிந்திருக்கிறது. வேலை முடிந்தது என்று எழுதிவிட்டார். மில்லி ஆம்பியருக்கு டெஸ்டர் எரியாது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"எரிஞ்சுதுங்க. நாம் பொய்யா சொல்றனுங்க?" என்றார் அவர். பொய் சொல்கிற ஆள் இல்லைதான். அதனால்தான் இன்னும் எரிச்சலாக இருந்தது. ஒருத்தரும் பொய் சொல்லாமலே ஒரு மனிதரைப் பொய்யராக்கி வைத்திருந்தார்கள். மேனேஜர் அந்த ரிஜிஸ்டரையே காட்டி, "பாருங்க, சும்மா சும்மா கம்ப்ளெயின்ட் பண்ற பழக்கம்" என்று வேறு சொன்னார்.

இந்த இடத்தில் நான் என்னைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இரண்டு மாதம் முன்பு பக்கத்து மிஷினில் ஒரு போர்டு மாற்ற இதே பட்டறைக்கு வந்திருந்தேன். நான் கிளம்பும் நேரத்தில் அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "அக்கா, அந்த வால்வுக்குக் கரண்டு சரியா வரமாட்டேங்கு. கொஞ்சம் பாக்கியளா?" என்றார். நான் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே, "கரண்டுன்னா எலக்ட்ரீஷியங்கிட்டச் சொல்லுங்க தம்பி" என்றேன். எலக்ட்ரானிக்ஸ் படித்த நான், மில்லி ஆம்பியரோடே குடித்தனம் நடத்துகிற நான், என்ன கரண்ட் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மிஷினில் நிற்கிற ஆளுக்கு மில்லி ஆம்பியர் தெரிந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வாசலில் நின்று 'போர்டு பாக்கறவரு இல்லீங்களா' என்று கேட்கிறவர்கள் மேல் எனக்கு வருகிற அத்தனை கோபமும் என் மேலேயே திரும்பியது.

கார்டைக் கழற்றாமல் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். வால்வுக்குக் கரண்ட் வெளியே போகும் பின்னைச் சுற்றி ஈயத்தில் முடி அளவு ஒரு விரிசல். ஆவியிலும் அதிர்விலும் விட்டுப்போயிருக்கிறது. சில நேரம் தொடும், சில நேரம் தொடாது. தொடாதபோது வால்வு மூடி வெப்பம் இறங்கும், கன்ட்ரோலர் பதறிப்போய் முழுக்கத் திற என்று சொல்லும். அந்த நேரம் பார்த்து மறுபடி தொட்டுவிட்டால் வால்வு அகலத் திறந்து ஸ்டீம் கொட்டும். கோடு சுவர் ஏறினது இப்படித்தான்.

மேனேஜரிடம் போய் அதைச் சொன்னேன். "அதெல்லாம் எங்களுக்குப் புரியாதுங்க. நீங்க ஓட வெச்சுக் குடுங்க, அது போதுமுங்க" என்றார். வாயால் சொன்னால் இங்கே எடுபடாது, கண்ணால் காட்ட வேண்டும் என்று புரிந்தது. விரிசலை இப்போதே ஒட்டிவிட்டால் காட்ட ஒன்றும் மிஞ்சாது, அதனால் வேறு சர்க்யூட் ஒன்றைச் செய்து கொண்டுவருவது என்று முடிவு செய்தேன். "பழைய கார்ட யாரும் தொடக் கூடாதுங்க. அஞ்சு மணிக்குள்ள வர்றனுங்க. அதுவரைக்கும் அந்தக் காகிதத்துல யாரும் கை வைக்காதீங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். கோபம் ஏற ஏற எனக்கும் 'ங்க' கூடிக்கொண்டேதான் போகும்.

பட்டறைக்கு வந்து உட்கார்ந்தபோது பதினொன்றரை. இந்த சர்க்யூட்டுக்குப் பெரிய சாமான் எதுவும் வேண்டாம். எட்டுக் கால் வைத்த ஓப்-ஆம்ப் ஐசி ஒன்று, டிரான்சிஸ்டர் ஒன்று, ஒரு கிலோ ஓம் ரெசிஸ்டர் நாலு, இருபத்துநாலு வோல்ட் சப்ளை. நாலு ரெசிஸ்டரையும் பக்கம் பக்கமாகச் சேர்த்தால் இருநூற்றைம்பது ஓம் ஆகிவிடும். அதில் ஒரு வோல்ட் விழுந்தால் நாலு மில்லி ஆம்பியர், ஐந்து வோல்ட் விழுந்தால் இருபது. கணக்கு அவ்வளவுதான். டிரான்சிஸ்டர் தண்ணீர்க் குழாய்போலக் கரண்டைத் திறந்து மூடும், ஓப்-ஆம்ப் அதற்கு எஜமான்.

எனக்கு அந்த ஐசியைப் பிடிக்கும். பேருந்துக்குக் கொடுக்கிற காசைவிட மலிவான சாமான். அதற்கு இரண்டு காது. ஒரு காதில் கன்ட்ரோலர் சொல்வதைக் கேட்கும். இன்னொரு காதை ரெசிஸ்டரில் வைத்து, தான் அனுப்பினது உண்மையிலேயே போய்ச் சேர்ந்ததா என்று கேட்கும். இரண்டும் ஒன்றாகும்வரை டிரான்சிஸ்டரை விடாமல் திருகிக்கொண்டே இருக்கும். அனுப்பிவிட்டேன், என் வேலை முடிந்தது என்று ரிஜிஸ்டரில் எழுதிவிட்டுப் போகாது. அந்தப் பட்டறையில் இத்தனை பேர் இருந்தும், என்னையும் சேர்த்து, இந்தக் குணம் ஒருத்தருக்கும் இல்லாமல் போயிற்று.

இப்படியெல்லாம் நினைத்துக்கொண்டே சால்டர் செய்தால் என்ன ஆகும்? தப்புத்தான் ஆகும். வழக்கமாகப் போடும் சின்ன டிரான்சிஸ்டர் சாயப்பட்டறை வெக்கையைத் தாங்காது என்று பெரியதாக ஒன்றை எடுத்திருந்தேன். சின்னதற்கு நடுக்கால் பேஸ், கட்டளை வாங்குகிற கால். பெரியதற்கு நடுக்கால் கலெக்டர், கரண்ட் நுழைகிற கால். இருபது வருடமாகத் தெரிந்த விஷயம். கோபத்தில் கை பழக்கப்படி போட்டுவிட்டது. வால்வுக்குப் பதிலாக ஒரு ரெசிஸ்டரை மாட்டிச் சப்ளை கொடுத்தேன். உள்ளே எத்தனை வோல்ட் கொடுத்தாலும் மீட்டர் முப்பதுக்கு மேலேயே ஏறி நின்றது. ஒரு வோல்ட்டிலும் அதே, ஐந்திலும் அதே. ஐசியை மாற்றினேன். மறுபடி முப்பது. மணி இரண்டு ஆகிவிட்டது. வாய்விட்டுக் கெட்ட வார்த்தை சொன்னேன். அது எந்த வார்த்தை என்று எழுத மாட்டேன், அதில் 'ங்க' கிடையாது.

எழுந்து போய் முகம் கழுவினேன். டிபன் பாக்ஸில் இருந்த தயிர்சாதத்தை நின்றுகொண்டே தின்றேன். திரும்ப வந்து லென்ஸ் வைத்துப் பார்த்தபோது முதல் பார்வையிலேயே தப்பு தெரிந்தது. டிரான்சிஸ்டரைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் புதியது போட்டேன். ஒவ்வொரு காலிலும் ஈயம் நன்றாக ஓடிப் பரவும்வரை இரும்பை எடுக்காமல், மனதுக்குள் எண்ணிக்கொண்டு வைத்தேன். ஒரு வோல்ட் கொடுத்தேன்: மூன்று புள்ளி ஒன்பது எட்டு. மூன்று வோல்ட்: பன்னிரண்டுக்கு ஒரு மயிரிழை கீழே. ஐந்து வோல்ட்: பத்தொன்பது புள்ளி ஒன்பது. வால்வுக்கு இதற்கு மேல் துல்லியம் தேவையில்லை. போர்டை மேஜையில் தட்டினேன், கவிழ்த்துத் தட்டினேன். மீட்டர் அசையவில்லை.

நாலரைக்கு அங்கே போய்ச் சேர்ந்தேன். மேனேஜர், எலக்ட்ரீஷியன், ஆப்பரேட்டர் மூவரையும் பேனல் முன்னால் நிற்கவைத்தேன். மிஷினில் வெறும் தண்ணீர். பழைய கார்டு அப்படியே இருந்தது. வால்வுக்குப் போகும் ஒயரைப் பிரித்து நடுவில் என் மீட்டரைச் சேர்த்தேன். கன்ட்ரோலரில் பாதி திறப்பு என்று வைத்தேன். மீட்டர் பன்னிரண்டு காட்டியது.

"திரையில பாதி. மீட்டர்ல பன்னெண்டு. செரிங்களா?" என்று கேட்டேன். மேனேஜர் தலையாட்டினார்.

ஸ்க்ரூ டிரைவர் பிடியால் கார்டை மெல்லத் தட்டினேன். மீட்டர் பூஜ்யத்துக்கு விழுந்தது. வால்வு மூடியது. திரை அசையாமல் பாதி என்றே காட்டியது. இன்னொரு தட்டு. பன்னிரண்டு. இன்னொன்று. பூஜ்யம். எலக்ட்ரீஷியனிடம், "இப்ப டெஸ்டர் வைங்க" என்றேன். வைத்தார். டெஸ்டர் எரிந்தது. மீட்டரில் பூஜ்யம், டெஸ்டரில் வெளிச்சம். அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "இந்தக் கரண்டையா சொன்னீங்க?" என்று ஆப்பரேட்டரைப் பார்த்துக் கேட்டார்.

பழையதைக் கழற்றி என் சர்க்யூட்டை மாட்டினேன். தட்டினேன், குலுக்கினேன். பன்னிரண்டு, பன்னிரண்டு, பன்னிரண்டு.

"அருமைங்க அம்மிணி. அப்ப இன்னிக்கே லாட் ஏத்திரலாமுங்களா?" என்றார் மேனேஜர்.

"அந்தக் காகிதம்?"

"அது வேறங்க. மேல சொல்லியாச்சு. அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும்."

ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, மாட்டிய சர்க்யூட்டைத் திரும்பக் கழற்றினேன். நாலு ஸ்க்ரூ. நாலையும் நிதானமாகக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டேன். "மூணு வாரங்கழிச்சுப் புதுசு வருமுங்க. அதுவரைக்கும் மிஷின் சும்மா நிக்கட்டுமுங்க" என்றேன். அவர் சிரிக்கப் பார்த்தார். நான் சிரிக்கவில்லை. பையை மாட்டிக்கொண்டு வாசல் வரைக்கும் போய்விட்டேன்.

அவர் யாருக்கோ போன் செய்து தள்ளி நின்று பேசினார். பிறகு ஆபீசுக்குப் போய் அந்தத் தாளைக் கொண்டுவந்தார். என் முன்னாலேயே இரண்டாகக் கிழித்தார். "போச்சாதுங்க, உடுங்க. ஏதோ தெரியாம நடந்துபோச்சு" என்றார். என்னிடம்தான் சொன்னார். ஆப்பரேட்டர் பக்கம் திரும்பி, "போய் வேலயப் பாருங்க" என்றார்.

ஆப்பரேட்டர் இரண்டு கையையும் கூப்பினார். "ரொம்ப நன்றி சார்" என்றார்.

அதைப் பார்க்கவும் எனக்குப் பொறுக்கவில்லை. மேனேஜரிடம் காட்டாத கோபம் அத்தனையையும் ஆப்பரேட்டர் மேல் கொட்டினேன். "எதுக்கு அவருக்கு நன்றி சொல்றீங்க? நீங்க சொன்னதுதான சரி? அவருதான உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கோணும்!" பட்டறை முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். பக்கத்து மிஷினில் இந்தியில் பேசிக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

அவர் பதறிப்போய் என் அருகில் வந்தார். மேனேஜருக்குக் கேட்காதபடி குரலை இறக்கினார்.

"அக்கா, சத்தம் போடாதிய. நீங்க இப்பம் வண்டிய எடுத்துட்டுப் போயிருவிய. நான் நாளைக்கும் இவர்ட்டதான நிக்கணும்?"

பையிலிருந்து சர்க்யூட்டை எடுத்தேன். நாலு ஸ்க்ரூவையும் ஒன்றொன்றாக, நன்றாக இறுகும்வரை திருகி மாட்டினேன்.